மூன்றாவது யூனிட்

ஆறாவது முறையாகவும் திரையில் அதே சிவப்பு எழுத்து வந்தபோது, மாணிக்கவாசகம் கம்ப்யூட்டரைப் பார்த்து, "இன்னாப்பா, என்மேல உனக்கு அப்படி இன்னா கோவம்?" என்று வாய்விட்டே கேட்டுவிட்டார்.

பக்கத்து மேஜையிலிருந்து ஸிந்துஜா திரும்பிப் பார்த்தாள். இயற்பியல் துறைக்கு வந்து மூன்று வருஷம்தான் ஆகிறது அந்தப் பெண்ணுக்கு. அதற்குள் நான்கு யூனிட் பாடத்தைப் படத்தோடும் கேள்வி பதிலோடும் காலேஜ் சைட்டில் ஏற்றிவிட்டு, ஐந்தாவதற்கு எந்தக் கலர் வைக்கலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தாள்.

"சார், ஹெல்ப் வேணுமா?"

"வேணாம்மா. ஏறிக்கினுதான் இருக்குது. கொஞ்சம் மெதுவா ஏறுது."

ஏறவில்லை. காலையிலிருந்து ஒரே ஒரு பக்கம்தான். அதுவும் வெறும் முகப்புப் பக்கம். பாடத்தின் பெயரும் அவர் பெயரும் மட்டும். அதை ஒரு விரலால் தட்டி முடிக்கவே அவருக்கு இரண்டு நாள் ஆகியிருந்தது.

காஞ்சிபுரத்திலிருந்து ஓரிக்கை போகிற வழியில் இருக்கும் அந்தத் தனியார் கல்லூரியில், 2009 ஜூலை மாதம், பிரின்சிபால் சாமுவேல் ஒரு சுற்றறிக்கை விட்டிருந்தார். இனிமேல் பாடமெல்லாம் இன்டர்நெட்டில். வெள்ளிக்கிழமை ஆய்வுக் குழு வருகிறது. அதற்குள் எல்லா ஆசிரியர்களும் ஐந்து யூனிட் பாடத்தையும் சைட்டில் ஏற்றியாக வேண்டும். இயற்பியல் துறைத் தலைவர் போன மாதம் ரிடையர் ஆகிவிட்டார். அந்த நாற்காலி யாருக்கு என்பதையும் வெள்ளிக்கிழமை சைட்டைப் பார்த்துத்தான் முடிவு செய்வாராம்.

வேறு சமயமாக இருந்தால் மாணிக்கவாசகம் கவலைப்பட்டிருக்க மாட்டார். இருபத்துநான்கு வருஷமாக ஒரே நோட்டு, ஒரே பாடம், ஒரே நகைச்சுவை என்று ஓட்டிக்கொண்டிருந்த மனிதர். தலைவர் நாற்காலி ஸிந்துஜாவுக்கே போகட்டும் என்று வெற்றிலை பாக்கு வைத்து வாழ்த்தியிருப்பார். ஆனால் பெண்ணின் கல்யாணப் பத்திரிகை அச்சாகிவிட்டதே!

அதில்தான் வினை. மகள் சங்கீதாவுக்கு ஆரணியில் சம்பந்தம். மாப்பிள்ளை அருணகிரிக்குப் பெங்களூரில் வேலை. சம்பந்தி ஏகாம்பரம் பத்திரிகை வாசகத்தைத் தானே எழுதிக் கொண்டுவந்தார். மாப்பிள்ளை பெயர் இந்த உயரம் என்றால், கீழே "டீம் லீடர், சாஃப்ட்வேர், பெங்களூர்" என்பது அதைப்போல் இரண்டு மடங்கு உயரம். "இருபது பேருங்க! இருபது பேரு எம்பிள்ளைக்குக் கீழே! ஆமா, நீங்க வெறும் வாத்தியார்தானா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். ஏகாம்பரம் பேச ஆரம்பித்தால் மற்றவர்களுக்கு வாய் எதற்கு என்று ஆகிவிடும். நிச்சயத்தின்போது "காபி போதுமா மாப்ளே?" என்று அருணகிரியைக் கேட்டதற்குக்கூட, "போதும் போதும்" என்று ஏகாம்பரம்தான் சொன்னார்.

அந்த "வெறும்" என்ற வார்த்தை மாணிக்கவாசகத்தின் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. நேரே அச்சகத்துக்குப் போய், தன் பெயருக்குக் கீழே "துறைத் தலைவர், இயற்பியல்" என்று போடச் சொல்லிவிட்டார். எப்படியும் சீனியர் நாம்தானே என்று நினைப்பு. எண்ணூறு பத்திரிகை அச்சாகி, நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி, முதல் பத்திரிகையைக் காமாட்சி அம்மன் பாதத்தில் வைத்து, முந்நூறு ஆரணிக்கும் போய்ச் சேர்ந்தாயிற்று. அதற்கு மறுநாள்தான் சாமுவேலின் சுற்றறிக்கை வந்தது.

மஞ்சள் தடவின பத்திரிகையைத் திருத்தி அடிக்கிற வழக்கம் எந்த வீட்டில் இருக்கிறது? வீட்டுக்காரி இந்திராணி ஒரே வரியில் தீர்ப்புச் சொல்லிவிட்டாள். "பத்திரிகையை மாத்த முடியாது. உங்களைத்தான் மாத்தணும்."

ஆகவேதான் இந்தப் போராட்டம்.

சுவரில் ஒட்டியிருந்த உதவி எண்ணைப் பார்த்து, ஸிந்துஜா காதில் விழாதபடி வராண்டாவுக்கு வந்து செல்போனில் கூப்பிட்டார். அந்த சைட்டை நடத்துகிற பெங்களூர்க் கம்பெனி. எடுத்தவன் தமிழ்ப் பையன்.

"வணக்கம் சார், ராபின் பேசறேன். உங்க பேர் சொல்லுங்க சார்."

"மாணிக்கவாசகம். ஃபிஸிக்ஸ். காஞ்சிபுரம், பிள்ளையார்பாளையம்."

லைனில் சத்தமே இல்லை. டவர் போய்விட்டதோ என்று போனை ஒரு உதறு உதறினார்.

"ஹலோ, தம்பி? கீறியா?"

"இருக்கேன் சார்... சொல்லுங்க சார். என்ன ப்ராப்ளம்?"

"ஒரு பக்கம் ஏத்தறேன், ஏறவே மாட்டேங்குது."

"ஃபைலுக்கு என்ன பேர் வெச்சிருக்கீங்க சார்?"

"பேரு முன்னாடி பிள்ளையார் சுழி போட்டிருக்கேன். அப்புறம் 'யூனிட் ஒண்ணு'."

"பிள்ளையார் சுழியா?"

"ஆமாம்பா. 'உ'. புது விஷயம் ஆரம்பிக்கிறோம், சும்மாவா ஆரம்பிக்கிறது?"

"சார், அந்த மெஷினுக்குத் தமிழ் எழுத்து தெரியாது சார். பேரை இங்கிலீஷ்ல மட்டும் வெச்சுப் பாருங்க."

மாணிக்கவாசகம் போனும் காதுமாக மேஜைக்குத் திரும்பி, மனசே இல்லாமல் பிள்ளையாரை எடுத்துவிட்டு, மானசீகமாக ஒரு தோப்புக்கரணம் போட்டார். ஏறிவிட்டது!

"தம்பி, நீ நல்லா இருப்பே! உனக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?"

"இல்ல சார்... ஆகப்போகுது சார்."

"என் பொண்ணுக்கும் அடுத்த மாசம்தான். ஜோரா நடக்கும் உனக்கும்."

"தேங்க்ஸ் சார்" என்றான் ராபின், கொஞ்சம் தழுதழுத்த மாதிரி.

முகப்பு ஏறியது சரி. மீதி நூற்றெண்பது பக்கம் நோட்டில் கையெழுத்தாக இருந்ததே! ஒரு பக்கத்துக்கு இரண்டு நாள் என்றால், சங்கீதாவின் பிள்ளைக்குக் காது குத்துகிற வரைக்கும் தட்டிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். அப்போதுதான் மச்சான் ஜெயக்குமார் நினைவுக்கு வந்தான்.

ஜெயக்குமாருக்குப் பிள்ளையார்பாளையத்திலேயே டிசைன் சென்டர். சேலை பார்டருக்கான படத்தைக் கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாகப் போட்டுக் கொடுப்பான். அந்தக் கட்டத்தைப் பார்த்து அட்டையில் துளை அடித்துத் தறியின் மேலே மாட்டினால், கட்டத்தில் இருக்கிற படம் சேலையில் வந்து உட்காரும். அவனிடம் பெரிய ஸ்கேனர் இருந்தது.

"நோட்டைக் கொடுங்க மாமா. ஒரு மணி நேரத்துல அஞ்சு யூனிட்டையும் படமா மாத்தி பென் டிரைவ்ல போட்டுடறேன்" என்றான் ஜெயக்குமார். "ஆனா அந்தப் பக்கம் திரும்பாதீங்க. உங்க பொண்ணு முகூர்த்தப் பட்டு டிசைன் ஓடிக்கினு இருக்குது."

"என் பொண்ணு பட்டை நான் பார்க்கக் கூடாதா?"

"யாரும் பார்க்கக் கூடாதுன்னு உங்க சம்பந்தியம்மா கண்டிஷன். அன்னபட்சி பார்டர், ஊர்ல ஒருத்திகிட்டயும் இருக்கக் கூடாதாம். ஆரணியிலேர்ந்து நாலு தடவை போன் பண்ணிட்டாங்க."

காஞ்சிபுரத்தில் டிசைன் போடுகிறவர்கள் படத்துக்குப் பெயர் வைக்க மாட்டார்கள். "அன்னபட்சி" என்று பெயர் வைத்தால் எட்டிப் பார்க்கிறவன் கண்டுபிடித்துவிடுவான். ஒன்று, இரண்டு, மூன்று என்று வெறும் நம்பர்தான். எந்த நம்பர் எந்தப் படம் என்பது முதலாளியின் மண்டைக்குள் இருக்கும். அன்னபட்சி பார்டர் "மூன்று". ஜெயக்குமார் பழக்க தோஷத்தில் பாடங்களுக்கும் ஒன்று முதல் ஐந்து வரை நம்பரே வைத்தான். மூன்றாவது யூனிட், அலை இயக்கம். நோட்டில் மாணிக்கவாசகம் கிராஃப் தாளை ஒட்டி வரைந்திருந்த அலையும் கட்டம் கட்டமாகத்தான் இருந்தது.

எல்லாம் முடிகிற நேரத்தில் கரண்ட் போயிற்று. அந்த வருஷம் தமிழ்நாட்டில் கரண்ட் போவதற்கு நேரம் காலம் கிடையாது. யு.பி.எஸ். கீச் கீச்சென்று கத்த ஆரம்பித்தது.

"அஞ்சே நிமிஷம்தான் தாங்கும்!" என்று ஜெயக்குமார் பறந்தான். பாடத்தையெல்லாம் பென் டிரைவில் போட்டான். அட்டை அடிக்கிற கண்ணாயிரத்துக்குக் கொடுக்க வேண்டிய "மூன்றை" ஒரு சி.டி.யில் போட்டான். எந்த மூன்று எதில் போயிற்று என்று பார்க்க யு.பி.எஸ். இடம் கொடுக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்கு மாணிக்கவாசகம் பென் டிரைவோடு கல்லூரிக்கு வந்துவிட்டார். ஆனால் ராகு காலம். நாலரை மணி வரை கம்ப்யூட்டர் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டு, அப்புறம் ஐந்து யூனிட்டையும் வரிசையாக ஏற்றினார். திறந்து பார்த்தாரா என்றால், இல்லை. இருபத்துநான்கு வருஷமாக அதே பாடம். அதில் பார்க்க என்ன இருக்கிறது?

புதன்கிழமை காலையில் இரண்டாம் வருஷத்துப் பையன்கள் நான்கு பேர் ஸ்டாஃப் ரூம் வாசலில் நின்றார்கள்.

"சார், மூணாவது யூனிட் செம சார்!"

மாணிக்கவாசகத்துக்குக் காது குளிர்ந்தது. "புரிஞ்சுதா?"

"புரியறது என்ன சார், எங்க அப்பாவே பார்த்துட்டு ஆடிப் போயிட்டாரு. பிரிண்ட் எடுத்துக்கினு வரச் சொன்னாரு."

"உங்க அப்பாவா? தறி நெய்யறவருக்கு அலை இயக்கத்துல அவ்ளோ ஆர்வமா?"

"வீட்ல எல்லாருக்குமே சார்!"

ஒரு பாடத்தை எத்தனை பேர் திறந்தார்கள் என்று சைட்டே பக்கத்தில் எண் போட்டுக் காட்டும். முதல் யூனிட், பதினொன்று. இரண்டாவது, ஒன்பது. மூன்றாவது யூனிட், முந்நூற்று நாற்பது! சாமுவேல் வராண்டாவில் எதிர்ப்பட்டுக் கையைப் பிடித்துக் குலுக்கினார். "நான் எதிர்பார்க்கவே இல்லை, மாணிக்கவாசகம். கல்லூரி வரலாற்றிலேயே இல்லாத விஷயம்."

"எல்லாம் மாணவர்களோட ஆர்வம் சார்" என்றார் இவர் அடக்கமாக. அன்று மத்தியானம் கேன்டீனில் எல்லாருக்கும் போண்டா வாங்கிக் கொடுத்தார் என்று கேள்வி.

போண்டா செரிப்பதற்குள் ஜெயக்குமார் வந்துவிட்டான். செருப்புகூட ஒன்றோடொன்று பொருந்தவில்லை.

"மாமா! அன்னபட்சி வெளிய போயிடுச்சு! நம்ம தெருவுல மூணு வீட்ல கிராஃப் பிரிண்ட் வெச்சுக்கினு அட்டை அடிக்கக் கேட்டுக்கினு இருக்காங்க! எவன் கொடுத்தான்னு கேட்டா, 'காலேஜ்ல பாடம்'னு சொல்றாங்க!"

"பாடத்துல எப்படிடா அன்னபட்சி..." என்று ஆரம்பித்த மாணிக்கவாசகம் பாதியில் நிறுத்தினார். இரண்டு பேரும் லேபுக்கு ஓடி, மூன்றாவது யூனிட்டைத் திறந்தார்கள். அலை இல்லை. கட்டத்துக்குள் வரிசை வரிசையாக அன்னபட்சி கழுத்தை வளைத்துக்கொண்டு அவரைப் பார்த்தது.

படிக்கிற பிள்ளைகளில் பாதிப் பேர் வீட்டில் தறி. சம்பந்தியம்மாள் யாருக்கும் காட்டாமல் பூட்டி வைத்த பார்டரை ஊருக்கே இலவசமாகப் பாடம் நடத்தியிருக்கிறார்!

"தம்பி ராபின், அவசரம்!" என்று வராண்டாவில் நின்று போனில் குரலை அடக்கிக் கத்தினார். நடந்ததையெல்லாம் கொட்டினார். பத்திரிகையில் துறைத் தலைவர் என்று போட்டது முதல் சம்பந்தியம்மா பார்டர் வரை. கேட்கிறவன் பெங்களூரில் முகம் தெரியாத பையன்தானே, அவனிடம் என்ன வெட்கம்?

"பத்திரிகையில முன்கூட்டியே போட்டுட்டீங்களா சார்?" என்றான் ராபின். அந்தக் குரலில் ஏளனம் இல்லை. உண்மையைச் சொன்னால் ஒரு நிம்மதி இருந்தது.

"என்னைப் போட வெச்சுட்டான்யா அந்த ஆரணிக்காரன். சம்பந்தி. ஏகாம்பரம்னு பேரு. வாயைத் திறந்தா மூட மாட்டான். நாலு பேரு முன்னாடி 'வெறும் வாத்தியார்'னு கேக்கறான். இவன் புள்ளை டீம் லீடராம், இருபது பேரு கீழ வேலை செய்யறாங்களாம். தவில் வாசிக்கிறவன் கெட்டான் போ, அவ்ளோ சத்தம்!"

லைனில் இருமல் சத்தம் கேட்டது.

"தண்ணி குடிப்பா. இப்ப இதை எப்படி மறைக்கிறது?"

"பாடத்துக்குப் பக்கத்துல கண்ணு மாதிரி ஒரு படம் இருக்கும் சார். அதை ஒரு தடவை அமுக்குங்க. யாருக்கும் தெரியாம மறைஞ்சுடும்."

கண்ணுக்குப் பக்கத்தில் தபால் உறை மாதிரியும் ஒரு படம் இருந்தது. ஓடி வந்த அவசரத்தில் மூக்குக் கண்ணாடியை எங்கோ விட்டுவிட்ட மாணிக்கவாசகம், போனும் காதுமாக லேபுக்குள் போய் உறையை அமுக்கினார். கம்ப்யூட்டர் ஏதோ கேட்டது. கம்ப்யூட்டர் எதைக் கேட்டாலும் "யெஸ்" என்று அமுக்குவதுதான் அவர் வழக்கம். கேட்டதற்கு இல்லை என்று சொன்னால் நன்றாகவா இருக்கும்?

அடுத்த நிமிஷம் கல்லூரியின் ஆயிரத்து நூறு மாணவர்களுக்கும் ஈமெயில் போயிற்று. "மூன்றாவது யூனிட்டை இன்றே பாருங்கள். இப்படிக்கு, மாணிக்கவாசகம்."

வியாழக்கிழமை காலையில் எண் எழுநூற்றைத் தாண்டியிருந்தது. வணிகவியல் பிள்ளைகள், தமிழ் இலக்கியப் பிள்ளைகள் எல்லாம் இயற்பியல் படிக்க ஆரம்பித்திருந்தார்கள். வகுப்புக்குப் போய் மேஜையைத் தட்டினார்.

"இதோ பாருங்கப்பா. இன்னைலேர்ந்து மூணாவது யூனிட்டை யாரும் திறக்கக் கூடாது. திறந்தவனுக்கு இன்டர்னல் மார்க் கிடையாது!"

கடைசி பெஞ்சில் ஒரு பெண் பக்கத்தில் இருந்தவளிடம் கேட்டாள். "இன்னாடி கீது அதுல?"

மத்தியானம் எண் ஆயிரத்தைத் தாண்டியது.

"தம்பி, அந்தக் கண்ணு பட்டனைத் தொடவே பயமா கீது, நீயே அழிச்சுடு!" என்று மறுபடி ராபினிடம் கெஞ்சினார்.

"நான் அழிக்கணும்னா பிரின்சிபால் லெட்டர் வேணும் சார்."

"அவரு இந்த எண்ணைப் பார்த்துட்டு மாலை வாங்கி வெச்சிருக்காருப்பா! அவருகிட்ட எப்படிக் கேக்கறது?"

"சார், ஒண்ணு கேக்கட்டுமா? தலைவர் போஸ்ட் கிடைக்கலைன்னா... கல்யாணம் நின்னுடுமா சார்?" ராபினின் குரல் என்னவோ நடுங்கிற்று. நல்ல மனசுக்காரப் பையன்.

"சேச்சே, நிக்காது. மாப்பிள்ளை பையன் தங்கம். அவன் வாயைத் திறந்து நான் கேட்டதில்லை, ஆனா பார்த்தாலே தெரியுது. அவங்க அப்பன்தான் ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவான்."

"சொல்லிக் காட்டுவாருதான் சார்" என்றான் ராபின் பெருமூச்சோடு. "நீங்க ஒண்ணு பண்ணுங்க. எதையும் தொடாதீங்க. நாளைக்கு வரைக்கும் எந்த பட்டனையும் தொடாதீங்க."

வெள்ளிக்கிழமை ஆய்வுக் குழு வந்தது. தலைவியாக வந்த கோயம்புத்தூர் அம்மாள் மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பட்டியலைப் பார்த்தார். ஸிந்துஜாவின் ஐந்து யூனிட்டும் சேர்ந்து பதினாலு. அதில் ஒன்பது தடவை திறந்தது ஸிந்துஜாவே. மாணிக்கவாசகத்தின் மூன்றாவது யூனிட், ஆயிரத்து முந்நூற்று இருபத்தாறு.

"கல்லூரியில் இருக்கிற மாணவர்களைவிட இது அதிகமா இருக்குதே?" என்றார் அம்மாள்.

"வெளியாட்களும் படிக்கிறாங்க மேடம்!" என்றார் சாமுவேல் மார்பை நிமிர்த்தி. "மாணிக்கவாசகம், திரையில போட்டுக் காட்டுங்க."

 கரண்ட் போக வேண்டும் என்று மாணிக்கவாசகம் கச்சபேஸ்வரரை வேண்டிக்கொண்டார். தினம் மூன்று தடவை போகிற கரண்ட் அன்று மலை போல நின்றது. சுவர் அகலத்துக்கு அன்னபட்சி விரிந்தது.

 சாமுவேல் முகத்தில் ரத்தம் இல்லை. ஸிந்துஜா வாயைப் பொத்திக்கொண்டாள்.

இருபத்துநான்கு வருஷத்தில் முதல் முறையாக, கையில் நோட்டு இல்லாமல் மாணிக்கவாசகம் பாடம் நடத்த ஆரம்பித்தார்.

"இது... அலை இயக்கம்ங்க. அலைன்னா இன்னா? ஒரு சங்கதி திரும்பத் திரும்ப வர்றது. இந்த அன்னத்தைப் பாருங்க. நாப்பத்தெட்டு கட்டத்துக்கு ஒரு தடவை அதே அன்னம் திரும்ப வருது. அந்த நாப்பத்தெட்டுதான் அலைநீளம். நடுக்கோட்டுலேர்ந்து அதோட கொண்டை வரைக்கும் இருக்கிற உயரம்தான் வீச்சு. எங்க பசங்களுக்குக் கடல் அலை தெரியாதுங்க, பார்டர் தெரியும். கட்டத்தை எண்ணத் தெரியும். அதான்..."

சொல்லிக்கொண்டே போகப் போக, அடடே, இது உண்மைதானே என்று அவருக்கே தோன்றிவிட்டது. குரல் ஏறிற்று. கையை ஆட்டி, அடுத்தடுத்த அன்னத்தைத் தொட்டு எண்ணிக் காட்டினார். முதலில் கை தட்டியது ஸிந்துஜா. கோயம்புத்தூர் அம்மாள் நாலு வரி எழுதி, அதற்குக் கீழே கோடும் போட்டார்.

சாயங்காலம் அறிவிப்புப் பலகையில் துறைத் தலைவர் என்று மாணிக்கவாசகத்தின் பெயர் ஏறிவிட்டது. பிள்ளையார்பாளையம் முழுக்க இனிப்பு. பத்திரிகையை மறுபடி எடுத்துத் தன் பெயருக்குக் கீழே இருந்த வரியை, கடன் தீர்ந்த மனுஷன் மாதிரி நாலு தடவை படித்தாராம்.

சந்தோஷம் ஒரு ராத்திரிதான். சனிக்கிழமை ஜெயக்குமார் தலையில் கை வைத்துக்கொண்டு வந்தான்.

"மாமா, அன்னம் உங்க பென் டிரைவ்ல வந்துதுன்னா, உங்க அலை எங்க போச்சுன்னு யோசிச்சீங்களா?"

கண்ணாயிரம் அட்டை அடிக்கிறதில் கை தேர்ந்தவர். கொடுத்ததை அடிப்பார், என்னவென்று கேட்க மாட்டார். சி.டி.யில் இருந்த மூன்றாவது யூனிட்டின் கிராஃப் அலையை ஒரு கட்டம் பிசகாமல் அடித்துக் கொடுத்திருந்தார். தறியில் இரண்டு முழம் ஏறிவிட்டது. மயில் கழுத்து நிறப் பட்டில், ஜரிகையில், அலை மேலே ஏறிக் கீழே இறங்கி மேலே ஏறி ஓடிக்கொண்டிருந்தது. நடுநடுவே, அலைநீளத்துக்கு மாணிக்கவாசகம் போட்டிருந்த கிரேக்க எழுத்துகூடக் கொடியில் உட்கார்ந்த குருவி மாதிரி வந்திருந்தது.

"பிரிச்சுடலாமா?"

"நாளைக்குக் காலைல ஆரணியிலேர்ந்து எல்லாரும் தறியைப் பார்க்க வர்றாங்க மாமா."

இந்திராணி சாமி படத்துக்கு முன்னால் போய் உட்கார்ந்துவிட்டாள். "இருக்கிற அன்னத்தையெல்லாம் ஊருக்குக் கொடுத்துட்டு, என் பொண்ணுக்குக் கணக்குப் பாடத்தைச் சுத்திவிடறாரு!"

"கணக்கு இல்லைடி, ஃபிஸிக்ஸ்."

"ரொம்ப முக்கியம்!"

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு வேன் வந்து நின்றது. ஏகாம்பரம் இறங்கும்போதே பேசிக்கொண்டு இறங்கினார். பின்னால் சம்பந்தியம்மாள். அவர்களுக்குப் பின்னால், முதல் நாள் ராத்திரி பஸ்ஸில் பெங்களூரிலிருந்து வந்த மாப்பிள்ளை அருணகிரி, கண் சிவந்து, தலை குனிந்து.

சம்பந்தியம்மாள் யாரையும் பார்க்கவில்லை. நேரே தறிக்குப் போனாள். குனிந்தாள். விரலால் அலையைத் தடவினாள். மாணிக்கவாசகம் மூச்சைப் பிடித்துக்கொண்டார். ஜெயக்குமார் வாசலுக்கு நகர்ந்துகொண்டிருந்தான்.

"அண்ணா," என்றாள் சம்பந்தியம்மாள் நிமிர்ந்து, "வர்ற வழியிலே ரெண்டு கடையில அன்னபட்சி ஆர்டர் எடுக்கிறாங்க, கேட்டா ஏழு தறியில ஓடுதாம். எனக்கு வயிறு பத்திக்கினு வந்துச்சு. நீங்க முன்னாடியே தெரிஞ்சு டிசைனை மாத்திட்டீங்களா? இந்த மாதிரி நான் எங்கயுமே பார்த்ததில்லையே! இது இன்னா கொடிண்ணா?"

"அது... அலைக்கொடிம்மா" என்றார் மாணிக்கவாசகம். போன உயிர் திரும்பி வந்து வாசற்படியில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தது.

"வாத்தியார்னா சும்மாவா!" என்று ஏகாம்பரம் தொடையைத் தட்டினார். "இல்லே, துறைத் தலைவர்! நான் பத்திரிகையைப் பார்த்ததுமே எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். ஒரு பக்கம் துறைத் தலைவர், ஒரு பக்கம் டீம் லீடர். இருபது பேருங்க, இருபது பேரு! அவன் ஒரு வார்த்தை சொன்னா பெங்களூரே எழுந்து நிக்கும்!"

இந்திராணி எல்லாருக்கும் காபி கொண்டுவந்தாள். ஏகாம்பரம் கண்ணாயிரத்தைப் பிடித்துக்கொண்டு பெங்களூர்க் கதையை மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். மாணிக்கவாசகம் மாப்பிள்ளையைத் தனியாகத் தறிக்கு அந்தப் பக்கம் அழைத்துப் போய், உபசாரமாகத் தோளைத் தொட்டார்.

"நீங்க ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதே இல்லையே மாப்ளே. பட்டு பிடிச்சிருக்குதா? தைரியமா சொல்லுங்க."

அருணகிரி அப்பா இருக்கும் பக்கம் ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு, டம்ளரைக் கீழே வைத்தான். எங்கேயோ கேட்ட குரல் ஒன்று மெதுவாகச் சொன்னது.

"ரொம்பப் பிடிச்சிருக்கு சார்... மாமா. ஹெல்ப்லைன்ல நான் ராபின்ங்கற பேர்ல பேசறதெல்லாம் ரெக்கார்ட் ஆகும், நீங்க எங்க அப்பாவைப் பத்திச் சொன்னதை மட்டும் நானே டெலிட் பண்ணிட்டேன்."